ஏரி வாயில் இரண்டு மனை

பெங்களூரில் எனக்கு ஒரு மனை இருக்கிறது. எண் பதினெட்டு. பதிவு முடிந்து ஒரு வருஷம் ஆகியும் அதை நான் கைப்பேசியில் மட்டுமே பார்த்திருந்தேன். பதிவன்று எனக்கு முட்டி ஆபரேஷன். பவர் எழுதிக் கொடுத்து மகளைத்தான் அனுப்பினேன்.

பக்கத்து மனை, எண் பதினேழு, ஸ்டெல்லாவுடையது. நானும் அவளும் வேலூரில் நர்ஸிங் படித்தபோது ஹாஸ்டலில் நான்கு வருஷம் ஒரே அறை. பிறகு நான் சென்னைக்குக் கல்யாணமாகிப் போனேன். அவள் தன் சொந்த ஊரான பெங்களூருக்கே திரும்பினாள். ரிட்டயர் ஆனதும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருப்பது என்று இருபது வயதில் பேசி வைத்தோம். அப்படிப் பேசாத தோழிகள் யார்? நாங்கள் அதை மறக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது அவள் கணவர் இல்லை, என் கணவரும் இல்லை. அவள் குடியிருக்கும் அப்பா வீட்டை அண்ணன் தம்பிகள் சேர்ந்து விற்றுவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்குள் காலி செய்யவேண்டும். பையன் மெல்போர்னிலிருந்து "வந்துடு மம்மி" என்று தினமும் கூப்பிடுகிறான். வீட்டு வேலை தொடங்கினால் வாடகைக்கு எங்கேயாவது இருந்துகொண்டு காத்திருப்பேன், இல்லையென்றால் விமானம் ஏறவேண்டியதுதான் என்று சொல்லியிருந்தாள். அஸ்திவாரத்துக்கு முன்னால் மனையில் மண் கொட்டவேண்டும். அதற்கு லாரி சொல்லியாகிவிட்டது என்றதும் ஐந்து நாள் துணியோடு கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் இறங்கினேன். மழை. வெளியே இருந்த ஆட்டோக்காரருக்கு மூன்று மொழி தெரிந்திருந்தது. மூன்றிலும் வரமாட்டேன் என்றார். நாலாவது ஆட்டோ என்னை ரிச்சர்ட்ஸ் டவுனில் சேர்த்தபோது நானும் பெட்டியும் ஒன்றுபோல் சொட்டிக்கொண்டிருந்தோம்.

"ஏய் பரமு! இன்னா டி இது, குளிச்சிட்டா வந்த?" என்று வாசலிலேயே துண்டோடு நின்றாள் ஸ்டெல்லா. அந்தப் பழைய வீட்டின் சிவப்பு சிமெண்டுத் தரையில் பாதிக்கு அட்டைப்பெட்டிகள் நிறைந்திருந்தன. மீதி இடத்தில் உட்கார்ந்து மஞ்சள் தேங்காய்ப்பால் சோறும் ஆட்டுக்கறி உருண்டைக் குழம்பும் சாப்பிட்டோம். டாக்டர் எனக்கு ஆட்டுக்கறி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அவர் சென்னையில் இருக்கிறார்.

சாப்பிட்ட தட்டை ஒதுக்கிவிட்டு ஸ்டெல்லா வீட்டு வரைபடத்தை விரித்தாள். இரண்டு வீடு, நடுவில் மதில் இல்லை. "நீ காலையில எந்திரிச்சி கண்ணாடி போடறதுக்குள்ள நான் காபியோட உன் வூட்ல நிப்பேன்" என்றாள். முப்பது வருஷத்துக்கு மேலாக நாங்கள் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் வாழ்ந்தவர்கள். அவள் பக்கத்தில் இருந்தால் போதும், எந்த ஊராக இருந்தாலும் சரி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

புதன் காலை மனையைப் பார்க்கப் புறப்பட்டோம். தர்ஷினி என்கிற சிற்றுண்டிக் கடை ஒன்றில் நின்றபடியே காரா பாத், நம் ரவா கிச்சடிதான், சாப்பிட்டோம். சென்னையில் உட்கார்ந்து சாப்பிட்டே பழகியவளுக்கு நின்றால் பாதி வயிறுதான் நிறைகிறது என்று இன்னொன்று வாங்கினேன். பிறகு மெட்ரோ, அதன் பிறகு பஸ். பேச்சு சுவாரசியத்தில் இறங்கவேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு ஆனேக்கல் வரை போய்விட்டோம். சொந்த ஊர்க்காரி கூட இருக்கிறாளே என்று நான் நிம்மதியாக இருந்ததுதான் தப்பு.

பஸ்ஸில் எங்கள் முன்சீட்டில் இரண்டு பெண்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா என் காதில் மொழிபெயர்த்தாள். "போர்வெல் போய்டுச்சாம். நேத்து மழையில நனைஞ்சிக்கிட்டே டாங்கர் தண்ணி புடிச்சாங்களாம்." ஜன்னலுக்கு வெளியே சாலையோரம் முழங்கால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கூத்து எனக்குப் புதிதில்லை. வேளச்சேரியிலும் டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர், மே மாதத்தில் குழாயில் காற்று.

ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டில் பை-டூ காபி சொன்னாள் ஸ்டெல்லா. ஒரு காபியை இரண்டு டம்ளரில் பங்கு போட்டுத் தருவது பெங்களூர் வழக்கம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்து லேஅவுட் வாசலில் இறங்கினோம்.

பெரிய வளைவு, கலர் கொடிகள், உள்ளே இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் போட்ட சிமெண்டு ரோடு. மனைகள் ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் இருந்தன. முன்வரிசையில் பன்னிரண்டு வரை செம்மண் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். நாங்கள் பதிமூன்று, பதினான்கு என்று எண்ணிக்கொண்டே நடந்தோம். பதினாறோடு நிலம் முடிந்துவிட்டது. அப்புறம் தண்ணீர். தண்ணீருக்கு மேலே ஆள் உயரத்துக்குச் சம்பு, கோரை மாதிரி ஒரு புல். எண் எழுதிய எல்லைக்கல்லின் தலை மட்டும் அங்கங்கே எட்டிப் பார்த்தது.

"கோடையில காஞ்சிதாண்டி இருந்துச்சு" என்றாள் ஸ்டெல்லா, சின்னக் குரலில். "மாடு மேஞ்சிக்கினு இருந்துச்சு. நீயும்தான் வீடியோவுல பாத்த."

பார்த்தேன்தான். மே மாதத்திலும் அந்த இடம் மட்டும் ஏன் பச்சையாக இருக்கிறது என்று இருபது வருஷமாக வேளச்சேரியில் குடியிருப்பவள் கேட்டிருக்கவேண்டும். அவள் சந்தோஷத்தில் எனக்குக் கண் தெரியவில்லை.

மேஸ்திரி முருகேசன் குடையோடு வந்தார். தர்மபுரிக்காரர். "ஒண்ணும் கவலப்படாதீங்க மேடம். முன்வரிசையில பாருங்க, அதுவும் இப்பிடித்தான் இருந்துச்சு. சனிக்கெழம லாரி வந்துடும். மண்ண அடிச்சி மெஷின் உட்டு நெரவினா தண்ணி அதுபாட்டுக்கு அந்தாண்ட போயிடும்."

"அந்தாண்டன்னா எங்கங்க போகும்?" என்று கேட்டேன். அவர் கையை நாலு திசைக்கும் பொதுவாக ஆட்டினார்.

அப்போது சம்பு விலகியது. தலையில் புல்கட்டோடு ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரிலிருந்து ஏறி வந்தாள். நாற்பது வயதிருக்கும். பெயர் ரத்னம்மா, ஏரிக்கரைக்குக் கீழே இருக்கும் ஊர், இரண்டு பசு. இதெல்லாம் பிறகு தெரிந்தது. முதலில் அவள் கேட்டது, "இது உங்க சைட்டா அக்கா?"

ஆமாம் என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "கெரெ வாயில வாங்கிட்டீங்களே" என்று மட்டும் சொன்னாள். கெரெ என்றால் ஏரி. பஸ்ஸைத் தவறவிட்டவர்களிடம் பேசும் இரக்கம் அந்தக் குரலில் இருந்தது.

வியாழக்கிழமை ஸ்டெல்லாவுக்கு வீட்டு விஷயமாக வக்கீலிடம் வேலை. நான் தனியாகவே திரும்பப் போனேன். ரத்னம்மா சொன்ன அந்த வாயைப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த முறை சரியான நிறுத்தத்தில் இறங்கினேன்.

"ரெண்டு வாய் இருக்கு அக்கா இந்தக் கெரெக்கு. ரெண்டையும் பாத்துடு" என்று முன்னால் நடந்தாள் ரத்னம்மா. முதலில் வடக்குப் பக்கம் கூட்டிப்போனாள். அங்கே சம்பையெல்லாம் வழித்தெடுத்துவிட்டு நேராக சிமெண்டுக் கால்வாய் கட்டியிருந்தார்கள். மேலேயிருக்கும் குடியிருப்புகளின் கழிவும் மழைத்தண்ணீரும் ஒன்றாகக் கலந்து கறுப்பாகப் பாய்ந்து வந்து ஏரிக்குள் விழுந்தது. விழுந்த இடத்தில் நுரை. மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஒரு கொக்குகூட இல்லை.

பிறகு தெற்குப் பக்கம், அதாவது எங்கள் பக்கம். மேல் ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் ஓடை வழியாக இங்கே வருகிறது. வரும்போது அதுவும் கலங்கல்தான், பாலிதீன் பையும் செருப்பும் கூடவே வருகின்றன. ஆனால் சம்புக்குள் நுழைந்ததும் அதன் வேகம் போய்விடுகிறது. குப்பை தண்டுகளில் மாட்டிக்கொள்கிறது, சேறு அடியில் படிகிறது. தண்ணீர் பத்து நாள் விருந்தாளியைப் போல அங்கேயே தங்கி, மெதுவாக மறுபக்கம் வெளியே வருகிறது. மறுபக்கத்தில் இறங்கி நின்றேன். என் கால் விரல்கள் எனக்குத் தெரிந்தன.

நான் இருபத்தாறு வருஷம் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்த்தவள். ஒரு குழாயில் கெட்ட ரத்தம் போவதையும் இன்னொரு குழாயில் நல்ல ரத்தம் திரும்புவதையும் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தது. அந்த மெஷினை ஓட்ட எத்தனை பேர், எவ்வளவு மின்சாரம். இங்கே சத்தமில்லாமல் அதே வேலையைப் புல் செய்துகொண்டிருந்தது. சம்புக்கு நடுவே நீல நிறத்தில் கோழி மாதிரி ஒரு பறவை, சிவப்பு மூக்கோடு, பெரிய பெரிய விரல்களை எடுத்து வைத்து நடந்தது. தவளைகள் ஓயவில்லை. அந்த இடம் முழுக்க ஏதோ ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"இந்த ஜொண்டுல தண்ணி நின்னாத்தான் எங்க ஊரு போர்வெல்லு பேசும்" என்றாள் ரத்னம்மா. ஜொண்டு என்று அவள் சொல்வது சம்பைத்தான். "இப்போ உங்க ரோடு குறுக்க வந்துடுச்சு. கீழ ரெண்டு பைப்பு வெச்சிருக்காங்க, அதுல குப்பை அடைச்சிக்கிச்சு. தண்ணி கெரெக்குப் போகாம இங்கியே நிக்குது. எங்களுக்கு அங்க இல்ல, உங்களுக்கு இங்க வேணாம்."

மத்தியானம் அவள் வீட்டில் ராகி முத்தெயும் கீரைச் சாறும் சாப்பிட்டேன். எங்கள் ஊர்க் களிதான், உருண்டை மட்டும் பெரிது. மெல்லாமல் விழுங்கவேண்டும் என்றார்கள். நான் மென்றதைப் பார்த்து அவள் மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கீரை பொன்னாங்கண்ணி. "எந்தப் பக்கம் பறிச்சது?" என்று நர்ஸ் புத்தியோடு கேட்டேன். "உங்க சைட்டுலதான்" என்றாள் ரத்னம்மா. வடக்குப் பக்கத்துக் கீரையை அவர்கள் மாட்டுக்கும் போடுவதில்லையாம்.

வெள்ளிக்கிழமை ஸ்டெல்லாவையும் இழுத்துக்கொண்டு போனேன். நேற்று பார்த்ததையெல்லாம் பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தேன். "நீ பாக்கறதெல்லாம் கிட்னியாத்தான் தெரியும்" என்று கிண்டல் செய்தாள். ஆனால் பேச்சில் வழக்கமான துள்ளல் இல்லை. மறுநாள் லாரி வரப்போகிறது என்பது இரண்டு பேர் மனதிலும் இருந்தது.

அங்கே ஏரிக்கரையில் கூட்டம். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏரி நிரம்பி, கோடி என்று சொல்லும் கலிங்கு வழியாகத் தண்ணீர் வழிந்தால், பெண்கள் பாகின கொடுப்பார்கள். புது முறத்தில் வளையல், மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி, வெல்லம், தானியம் எல்லாம் வைத்து, இன்னொரு முறத்தால் மூடித் தண்ணீரில் விடுவார்கள். ஏரி அவர்களுக்கு கங்கம்மா. பிறந்த வீட்டுப் பெண்ணுக்குச் செய்கிற சீர் மாதிரி. இவ்வளவு மழைக்கு ஏரி நிச்சயம் நிரம்பிவிடும் என்று முன்பே நாள் குறித்து, முறத்தையும் தயார் செய்துவிட்டார்கள். போய்ப் பார்த்தால் தண்ணீர் கலிங்குக்கு மூன்று படி கீழேயே நின்றுவிட்டது.

நிரம்பாத ஏரிக்கு எப்படிக் கொடுப்பது, கூடாது என்று ஒரு கட்சி. கட்டின முறத்தை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போவதா, அது அதைவிடக் கூடாது என்று இன்னொரு கட்சி. கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் அரைமணி நேரம் சண்டை. கடைசியில் ரத்னம்மாவின் குரல் மேலே வந்தது. ஸ்டெல்லா எனக்குச் சொன்னாள். "கங்கம்மா வந்துட்டா, வழியில நிறுத்தி வெச்சிருக்காங்க. அவ எங்க நிக்கறாளோ அங்க போய்க் குடுப்போம்ங்கறா."

கூட்டம் அப்படியே திரும்பி எங்கள் லேஅவுட்டுக்குள் நுழைந்தது. கொடிகளுக்குக் கீழே, சிமெண்டு ரோட்டில், ஈரக்காலோடு முறங்கள் வரிசையாக வந்தன. பதினாறைத் தாண்டி, தண்ணீர் தொடங்கும் இடத்தில் நின்றார்கள். எனக்கு எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. ரத்னம்மா மட்டும் எங்களிடம் வந்தாள்.

"உங்க ஜாகா அக்கா. ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் வெக்கணும். வெக்கலாமா?"

தண்ணீருக்குச் சீர் கொடுக்க எங்களிடம் அனுமதி கேட்கிறார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஸ்டெல்லா சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்து விட்டுக்கொண்டு, "வைங்கம்மா" என்றாள்.

முறங்கள் இறங்கின. வரைபடத்தின்படி அது அவளுடைய சமையலறை. மஞ்சளும் பூவும் எங்கள் கூடத்துக்குள் மிதந்துபோய் சம்பில் தங்கின. நீலக்கோழி ஒன்று கோபமாகக் கத்திக்கொண்டு ஒதுங்கியது. நான் அழுதேன். என்னவென்று கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது.

திரும்பும் பஸ்ஸில் சொல்லிவிட்டேன். "ஸ்டெல்லா, நான் என் மனையில மண்ணு கொட்டப்போறதில்ல."

அவள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பாமலே கேட்டாள். "நாம ரெண்டு பேரு கட்டலன்னா எல்லாம் சரியாய்டுமா? முன்னாடி பன்னெண்டு பேரு மண்ணு அடிச்சாச்சு. ரோடு போட்டாச்சு. உன் ஒரு சைட்டுல ஏரி நெறைஞ்சிடுமா?"

"நெறையாது."

"அப்பறம்?"

அவளிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னேன். சென்னையில் பெருவெள்ளம் வந்தபோது என் பிரிவில் வாரம் மூன்று தடவை வரவேண்டிய ஒரு நோயாளி இருந்தார். எங்கள் பேட்டைதான். ரோட்டில் மார்பளவு தண்ணீர். இரண்டு முறை தவறிப்போனது, மூன்றாவதற்கு அவர் இல்லை. அந்த ரோடு பழைய ஏரி, என் வீடும் பழைய ஏரிதான். நான் வாங்கும்போது தெரியாது. "இங்க தெரிஞ்சிடுச்சுடி" என்றேன். "தெரிஞ்சப்பறம் அதுமேல படுத்து எனக்குத் தூக்கம் வராது."

"எனக்கு வரும்" என்றாள் ஸ்டெல்லா. "நீ பக்கத்துல இருந்தா எனக்கு எங்க வேணும்னாலும் தூக்கம் வரும்." அன்று சாப்பாட்டுக்கு என்ன இருந்தது என்று எனக்கு நினைவில்லை. நான் சாப்பாட்டை மறந்த நாட்கள் மிகவும் குறைவு.

சனிக்கிழமை காலை எங்களுக்கு முன்பே லாரிகள் வந்துவிட்டன. செம்மண்ணோடு மூன்று லாரி, ரோட்டில் வரிசையாக நின்றன. முதல் லாரி பின்பக்கத்தைத் தண்ணீரை நோக்கித் திருப்பி வைத்திருந்தது. ரத்னம்மா தூரத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள், எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என் மனையில வேண்டாம்" என்று மேஸ்திரியிடம் சொன்னேன். "அவங்களுடையது அவங்க இஷ்டம்."

"அப்போ பதினேழுல மட்டும் அடிச்சிடலாமா மேடம்?" என்று முருகேசன் ஸ்டெல்லாவைப் பார்த்தார். டிரைவர் இறங்கி வந்து பீடி பற்றவைத்தார். ஸ்டெல்லா கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை இருபது வயதிலிருந்து எனக்குத் தெரியும். அவள் அழாமல் இருக்கப் பாடுபடும்போது மூக்கு நுனி மட்டும் சிவக்கும்.

"வேணாம். திருப்பிக்கினு போங்க" என்றாள்.

முருகேசன் ஏதோ சொல்ல வந்தார். "சாக்கு, சாக்கு" என்று கையைத் தூக்கித் தடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். சாக்கு என்றால் கன்னடத்தில் போதும். "இதோ பாரு பரமு. எனக்கு ஏரி மேல உன் மாதிரி ஆசையெல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்கு வூடு வேணும். ஆனா நீ இல்லாத வூட்ட கட்டிக்கினு, உன் சைட்டுல நிக்கற தண்ணியப் பாத்துக்கினு, நான் மட்டும் மேட்டுல குந்தியிருக்கணுமா? அதுக்கு நான் மெல்போர்ன்லயே இருந்துக்கறேன்."

லாரிகள் ரிவர்ஸ் எடுத்துப் போக வெகுநேரம் ஆனது. நாங்கள் ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் என் கையைப் பிடிக்கவில்லை. நானும் பிடிக்கத் துணியவில்லை. நான் செய்தது சரி என்று இன்றும் நினைக்கிறேன். அது எனக்கு ஒரு நாளும் ஆறுதலாக இருந்ததில்லை.

மறுநாள் ஸ்டேஷனுக்கு வந்தாள். இட்லிப் பொட்டலத்தைக் கையில் திணித்து, "பெட்டிய பாத்துக்க, தூங்கிடாத" என்றாள். ரயில் நகர்ந்தபோது என்னோடு கொஞ்ச தூரம் நடந்தும் வந்தாள். டிசம்பரில் மெல்போர்ன் போனாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு மாலையாகும்போது எனக்கு மத்தியானம். ஒருவர் சாப்பிட்டாயா என்று கேட்கும்போது இன்னொருவருக்குப் பசிக்கிற நேரமாக இருப்பதில்லை.

அந்த மனைகளை விற்கச் சொல்லித் தரகர்கள் கூப்பிடுகிறார்கள். மாட்டேன் என்கிறேன். ஸ்டெல்லாவும் மாட்டேன் என்றுவிட்டாள், காரணம் சொல்லவில்லை. எங்களைச் சுற்றி வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. ஊர்க்காரர்கள் சண்டை போட்டு ரோட்டுக்கு அடியில் இருக்கும் அந்த இரண்டு குழாய்களில் ஒன்றின் அடைப்பை எடுத்திருக்கிறார்கள். இன்னொன்று அப்படியேதான் இருக்கிறது.

போன மழைக்காலம் முடிந்தபோது ரத்னம்மா கூப்பிட்டாள். மாட்டுக்குப் புல் இல்லை, உங்கள் இரண்டு பேர் மனையில் மட்டும்தான் ஜொண்டு நன்றாக வந்திருக்கிறது, ஓரமாகக் கொஞ்சம் அறுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். இதற்கெல்லாம் கேட்கவேண்டுமா என்றேன். பின்னால் தவளைச் சத்தம் கேட்டது. எனக்கு ஆசை தாங்கவில்லை.

"எந்தப் பக்கம் ரத்னம்மா நல்லா வந்திருக்கு? என்னுதா, ஸ்டெல்லாவுதா?"

அவள் தண்ணீரில் நடக்கும் சத்தம் கேட்டது. தேடிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"கல்லெல்லாம் உள்ள போயிடுச்சு அக்கா" என்றாள். "அவங்கது எங்க முடியுது, உன்து எங்க ஆரம்பிக்குது, ஒண்ணும் தெரியல. எல்லாம் ஒண்ணாக் கெடக்குது."